காட்டவும் சுடவும் கூடும்

மார்ச் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. கடைசல் பட்டறைக்காரரின் கல்லீரலுக்குள் இரும்புத் துகள்களைச் செலுத்திய மருத்துவமனை, அவற்றைச் சூடாக்க மறுத்தது.

மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் அவை. ஊசிவழியே சென்று புற்றுக்கட்டியில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேன் குழாய்க்குள் படுத்தால் கட்டியின் இடத்தைக் காட்டும். வேறொரு காந்தத்தை இயக்கினால் சூடேறி, அதே கட்டியைப் பொசுக்கும். ஒரே ஊசியில் இரண்டு வேலை. அதை நம்பித்தான் அவர் அந்த மருத்துவ ஆராய்ச்சியின் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டார்.

இப்போது குழாய்க்குள் கிடந்தார். மூக்குக்கும் கூரைக்கும் இடையே நான்கு விரல்கடை. தோள் இரண்டும் சுவரை உரசின. வலக்கையில், ஆபத்தென்றால் அழுத்துவதற்கு ஒரு ரப்பர்க் குமிழ்.

"அசையாதீங்க ஐயா. படம் அருமையா வருது," என்றது காதுக்குள் மருத்துவரின் குரல்.

"மூணாவது படம் டாக்டரம்மா. கல்யாண ஆல்பமா போடப்போறீங்க? எப்போ சுடுவீங்க?"

"ஆராய்ச்சியில நோயாளிகளை ரெண்டு பிரிவா பிரிச்சிருக்கோம். உங்க பிரிவுக்குப் படம் மட்டும்தான். சுடறது அடுத்த பிரிவுக்கு."

"ரெண்டும் செய்யும்னு எழுதியிருந்ததே!"

"'காட்டவும் சுடவும் கூடும்'னுதானே இருக்கு? செய்வோம்னு இல்லையே."

அவர் அதை நான்கு முறை படித்திருந்தார். பட்டறையில், இந்த இயந்திரம் இரண்டடித் தண்டைக் கடையக் கூடும் என்றால், கடையும் என்றே பொருள். அவருக்கு ஆற்றலாகத் தெரிந்த சொல்லை மருத்துவமனை ஐயமாக எழுதியிருந்தது!

"அப்போ நான் விலகிக்கிறேன். வேற மருந்து ஏத்துங்க."

"தாராளமா விலகலாம். ஆனா துகள் உள்ளே இருக்கறவரைக்கும் வேற மருந்து ஏத்த முடியாது. நாலு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் கட்டி காத்திருக்குமா?"

"காத்திருக்கக் கூடும்," என்று சொல்லிவிட்டு மருத்துவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பட்டறைக்காரர் குமிழை அழுத்தினார். படுக்கை வெளியே நகர்ந்தது. படிவத்தை வாங்கி, 'காட்டவும் சுடவும் கூடும்' என்பதை அடித்துவிட்டு, 'காட்டும். சுடும்' என்று எழுதி நீட்டினார்.

"இதை நான் திருத்த முடியாது ஐயா. ஆராய்ச்சிக் குழுதான் முடிவு செய்யணும். புதன்கிழமை குழு கூடும்."

"கூடுமா, கூடக் கூடுமா?"

மருத்துவர் படிவத்தை வாங்கிக் கோப்பில் செருகினார்.

வெளியே வந்தும் அவர் குழாய்க்குள்தான் இருக்கிறார். வாசகரே, 'துகள்கள் கட்டியைக் காட்டவும் சுடவும் கூடும்.' இந்த வாக்கியத்துக்குப் பொருள் எழுதி அந்தக் குழுவுக்கு அனுப்புங்கள். ஒரே பொருள். புதன்கிழமைக்குள்.