முடியப்போகுது அண்ணி

வீட்டில் அவளுக்குப் பெயர் 'முடியப்போகுது அண்ணி'. வைத்தவன் அவள் கொழுந்தன். ஆறு வருஷமாக யார் கேட்டாலும், ஆய்வேடு "முடியப்போகுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பான்?

நிலத்துக்கடியில் குழாய் கசிகிற சத்தத்தை வைத்து ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நாலு இயல் எழுதியாகிவிட்டது. ஐந்தாவதில் தலைப்பு மட்டும் இரண்டு வருஷமாகத் தேமே என்று உட்கார்ந்திருந்தது. பழைய உதவித்தொகை நின்றதிலிருந்து காலையில் ஒரு டுடோரியல், சாயங்காலம் இன்னொன்று, நடுவில் பஸ்ஸில் விடைத்தாள் திருத்தம். மனுஷி எங்கே உட்கார்ந்து எழுதுவாள்? வருஷக் கடைசியோடு பதிவும் காலாவதி. அதற்குள் கொடுக்காவிட்டால் ஆறு வருஷ உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

அந்த நேரம் பார்த்து, ஆய்வேட்டை முடிப்பவர்களுக்கு ஆறு மாத உதவித்தொகை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. விண்ணப்பத்தில் 'இன்னும் எழுத வேண்டியது என்ன?' என்று ஒரு கட்டம். ஆராய்ச்சி மாணவர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டே, அது இவளையும் விடவில்லை. "ஏறக்குறைய முடிந்துவிட்டது, சிறு திருத்தங்களே பாக்கி" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுவாரம் உதவித்தொகைப் பிரிவு அதிகாரியம்மா கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் ஆறு மாசத்துக்கு எதுக்குப் பணம்? குழுவுல உங்க விண்ணப்பத்தை ஒதுக்கி வச்சுட்டாங்க."

"இல்ல மேடம், முடியப்போ..."

"கடைசி இயல்ல எத்தனை பக்கம் எழுதியிருக்கீங்க?"

வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்ன பொய், புருஷனிடம் சொன்ன பொய் எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன.

"ஒரு வரிகூட எழுதல மேடம்," என்றாள். சொன்னதுதான் தாமதம், அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உள்ளே எங்கோ 'அப்பாடா' என்றிருந்தது.

அதிகாரியம்மா அதட்டவில்லை. புது விண்ணப்பத்தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். "இதை அப்படியே எழுதுங்க. ரெண்டு வேலை பாக்கறதையும் சேர்த்து எழுதுங்க. முடிச்சவங்களுக்கு இது எதுக்கும்மா? குழு நாளைக்கு மறுபடி உட்காருது."

பணம் கிடைத்தது. இரண்டு டுடோரியலுக்கும் அன்றே கும்பிடு போட்டாள். முதல் வாரம் நூலகத்து மேஜையில் தலை வைத்துத் தூங்கியதுதான் மிச்சம். அத்தனை வருஷத்து அசதி! அப்புறம் எழுத ஆரம்பித்தவள் நிமிரவில்லை. ஐந்து மாதத்தில் ஐந்தாவது இயல் எழுபது பக்கத்துக்கு வந்து நின்றது.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் "முடிஞ்சிருச்சு!" என்றாள்.

கொழுந்தன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முடியப்போகுதுன்னு சொல்லுங்க, முடியப்போகுது அண்ணி."

அவள் பல்கலைக்கழக முத்திரை குத்திய ரசீதை அவன் மடியில் வைத்தாள். அவன் ஒரு தடவை படித்தான். தேதியைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை படித்தான். டிவியை அணைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"அண்ணி," என்றான். முன்னால் ஒன்றும் சேர்க்கவில்லை.