தக்காளி வாசனையின் வெளிநடப்பு

ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, பூந்தமல்லி–ஆவடி சாலையில் உள்ள ஒரு குளிர்கிடங்கில் அடுக்கியிருந்த பதினொரு டன் தக்காளியின் வாசனை, வேலை முடித்து வெளியே வந்த நாகவல்லியோடு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டது. தக்காளி போகவில்லை. அது சிவப்பாக, பளபளவென்று, பெட்டி பெட்டியாக அங்கேயே இருந்தது. ஆட்டோவில் ஏற்கெனவே எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததால் வாசனை டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வந்தது. பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் எட்டுப் பேருக்கும் பசி எடுத்துவிட்டது. ஒருவர் அங்கேயே வீட்டுக்குப் போன் போட்டு ரசம் வைக்கச் சொன்னார். ஆவடியில் நாகவல்லி வண்டி மாறினாள், அதுவும் மாறியது. முத்தாபுதுப்பேட்டையில் அவள் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படிப் பலகையில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து ஓட்டிவிட்டு வந்த அவள் புருஷன் செங்கல்வராயன் வாசலிலேயே நின்றான்.

"இன்னா இது, ஊடு பூரா தக்காளி வாசம்? எவ்ளோ வாங்கினு வந்த?"

"ஒண்ணுகூட வாங்கல. அது தானா வந்துகீது."

அன்றைக்கு அவன் வெறுஞ்சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்து மூன்று தட்டு சாப்பிட்டான்.

இதில் மந்திரம் மாயம் ஒன்றுமில்லை. கரண்ட் மிச்சமாகட்டும் என்று அந்தக் கிடங்கில் எல்லாக் காய்கறி, பழத்தையும் ஒரே கூடத்தில், நாலு டிகிரி குளிரில் வைத்தார்கள். கேரட்டும் காலிஃபிளவரும் முட்டைக்கோசும் அந்தக் குளிரில் புது மாப்பிள்ளை மாதிரி சொகுசாக வாரக்கணக்கில் இருக்கும். மற்றவை அப்படியல்ல. கத்தரிக்காய்க்குத் தோலில் குழி விழும், விதை கறுத்துப்போகும். வாழைக்காய் கருகிப்போய், பழுக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தக்காளி மட்டும் வெளியே ஒன்றும் காட்டாது. உள்ளே சதை மாவாகிவிடும், வாசனை செத்துப்போகும். நாகவல்லிக்கு இது தெரியும். மூன்று தலைமுறையாக அவள் வீட்டுப் பெண்கள் அடுத்தவர் தோட்டத்தில் காய் பறித்தவர்கள், தோட்டமெல்லாம் பிளாட் ஆகும் வரை அவளும் பறித்தவள். கிடங்கில் தரம் பிரிக்கும் மற்ற பதின்மூன்று பெண்களும் தக்காளியின் நிறத்தைப் பார்ப்பார்கள். இவள் காம்படியை மூக்கில் ஒருதரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவாள். அதனால் வாசனைக்கு அங்கே பழக்கமான ஒரே ஆள் இவள்தான்.

கிடங்கு திறந்த முதல் நாளே மேனேஜர் உலகநாதனிடம் போய், "சார், தக்காளி இந்தக் குளிரு தாங்காது. பன்னண்டு, பதிமூணு டிகிரில வெச்சாத்தான் நிக்கும்" என்றாள். அவர் சுவரில் பச்சையாக எரிந்த டிகிரி எண்ணைக் காட்டி, மெஷின் சரியாகத்தான் இருக்கிறது என்றார். இரண்டாம் தரம் சொன்னபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் தரம் அவள் சொன்ன அந்த ஆடிச் செவ்வாய்க்கிழமை, உனக்கு மூக்கு கொஞ்சம் நீளம் என்று அத்தனை பேர் எதிரிலும் சொல்லிச் சிரித்தார். அவள் சும்மா திரும்பி வந்துவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த வாசனைக்குத்தான் பொறுக்கவில்லை.

பத்தாம் நாள் முகப்பேரிலிருந்து ஒரு ஓட்டல்காரர் நாற்பது பெட்டியைத் திருப்பி அனுப்பினார். தக்காளியைக் கடித்தால் ஈர அட்டையைக் கடிப்பது போலிருக்கிறது என்பது அவர் புகார். உலகநாதன் வாசனையைத் தேட ஆரம்பித்தார். அது எங்கே போகிறது என்று கேட் வாட்ச்மேன் ராஜசேகரனுக்குத் தெரியும். அந்தக் கிடங்கு நிற்கிற மண்ணே ஒருகாலத்தில் அவர் வீட்டு நிலம், அவர் மூக்கு பொய் சொல்லாது. தினமும் பெண்களின் பையையும் டிபன் கேரியரையும் திறந்து பார்த்து, இன்ன இன்ன வெளியே போகிறது என்று நோட்டில் எழுதுவது அவர் வேலை. நாகவல்லியின் கேரியர் கழுவிக் கவிழ்த்தது போல் காலியாக இருக்கும், ஆனால் திறந்தால் ஒரு தோட்டமே மணக்கும். மேனேஜர் கேட்டபோது அவர் உள்ளதைச் சொன்னார்.

மறுநாள் அவளிடம் டைப் அடித்த காகிதம் ஒன்று நீட்டப்பட்டது. கிடங்குக்குச் சொந்தமான வாசனையை அனுமதியின்றி வெளியே கொண்டு சென்ற திருட்டுக்கு மன்னிப்புக் கேட்கிறேன், உடனே திருப்பி ஒப்படைக்கிறேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லையென்றால் சஸ்பெண்ட். திருட்டு என்ற சொல்லின் கீழே அவள் பெயர் விழுந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூர் வரை எந்தக் கம்பெனியின் கேட்டும் அவளுக்குத் திறக்காது. அது ஒரு பக்கம். எடுக்காததை எடுத்தேன் என்று எழுதிக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

"எவன் சார் திருடினது? குளுர்ல போட்டு நீங்க தொரத்தி வுட்டீங்க. போக்கிடம் இல்லாம அது என் பின்னாடி வந்துச்சு. இதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா? போட மாட்டேன், போ!"

பேனாவை மேசையில் வைத்துவிட்டு நடந்தாள். பேனா உருண்டு கீழே விழுந்தது, அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

உலகநாதன் லேசுப்பட்ட ஆளில்லை. குளிர்ப்பெட்டி லாரி ஒன்றை எடுத்துக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்கே போனார். பின்கதவைத் திறந்து அவள் வாசலோடு ஒட்டி நிறுத்தினார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. "இட்டுகினு போங்க சார், நானா கட்டி வெச்சிகீறேன்?" என்றாள் நாகவல்லி. லாரிக்குள் வெயிலின் கதகதப்பு இருந்ததால் வாசனை மறுபேச்சில்லாமல் ஏறிக்கொண்டது. கதவைச் சாத்தினார்கள். பூந்தமல்லி சாலையில் டிரைவர் குளிரைப் போட்ட அடுத்த நிமிடமே அது கதவு ரப்பரைப் பிதுக்கிக்கொண்டு இறங்கி, மெட்ரோ வேலைக்குப் போட்ட தகரத் தடுப்பு ஓரமாகவே நடந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. வழியெல்லாம் டிபன் கடைகளில் தக்காளிச் சட்னி தீர்ந்துபோனது.

அதற்குப் பிறகு கடையில் அந்தக் கிடங்குத் தக்காளியை வாங்கியவர்கள் ஒரு பகல் நாகவல்லி வீட்டில் வைத்துவிட்டு எடுத்துப்போனார்கள். மாவான சதை மாவாகத்தான் இருந்தது. வாசனையாவது கிடைத்ததே என்று குழம்பு வைத்தார்கள். அவள் யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. கையெழுத்துக் கேட்டு அந்த மன்னிப்புக் கடிதத்தோடு இரண்டு தரம் ஆள் வந்தது, இரண்டு தரமும் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். ஆவணி பிறந்ததும் கத்தரிக்காயின் மணம் கூடத் தரம் பிரிக்கும் லோகநாயகியோடு திருமுல்லைவாயலுக்குக் கிளம்பியது. மாம்பழ மணம் ராதிகாவின் முந்தானையில் ஏறியது. மாதக் கடைசியில் தரம் பிரிக்கும் பதின்மூன்று பெண்களோடும் ஏதாவது ஒன்று வெளியேறியது. ஒரு சாயங்காலம் பதின்மூன்று பேரும் கேட்டில் வரிசையாக நின்று, யாரும் கேட்காமலே பைகளைத் திறந்து காட்டினார்கள். சாலையில் போன பஸ்ஸே நின்றுவிட்டது. அத்தனை பேரையும் திருடி என்று எழுத உலகநாதனிடம் காகிதம் இருந்தது, ஆனால் கேரட் பிரிக்கக்கூட வேறு ஆள் இல்லை.

புரட்டாசியில் கூடத்தின் குறுக்கே சுவர் எழும்பியது. ஒரு பக்கம் நாலு டிகிரி, மறுபக்கம் பதிமூன்று. உலகநாதன் நேரில் வந்து கூப்பிட்டார். மூக்கு நீளம் என்று எங்கே சிரித்தீர்களோ, திருட்டு என்று எங்கே சொன்னீர்களோ, அதே இடத்தில் சொல்லுங்கள் என்றாள். அவர் கூடத்தில் ஒருதரம், கேட்டில் ஒருதரம், "நீ எடுக்கலம்மா, தப்பு எங்களோடது" என்றார். இரண்டாம் தரம் குரல் சரியாகவே வந்தது. வாசனையும் வருமா என்று கேட்டார்.

"நான் வரேன். அது வர்றது அதோட இஷ்டம் சார்."

மூன்று நாள் அது கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று நோட்டம் பார்த்தது. நாலாம் நாள் பதிமூன்று டிகிரிப் பக்கமாக உள்ளே போனது. பாதிதான் போனது. மீதிப் பாதி அவளோடு வருவதும் போவதுமாக இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அந்த நாலாம் நாள் சாயங்காலம் ராஜசேகரன் அவள் பையைத் திறக்கச் சொல்லவில்லை. நோட்டை மட்டும் திறந்து எழுதினார்: நாகவல்லி. டிபன் கேரியர் ஒன்று, தக்காளி வாசனை ஒன்று, இரண்டும் அவளுடைய சொந்தம். நோட்டைத் திருப்பிக் காட்டினார். அவள் எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்துப் பார்த்தாள்.

"அண்ணே, அந்தப் பேனாவக் குடு" என்று வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டாள்.