இல்லாத மாடியில் ஒரு பூனை

மாநகராட்சி வீட்டு வரியைத் திருத்தியபோது, எங்கள் தெருவில் முதலில் புண்பட்டது தலைவரின் மனசு. தலைவர் என்றால் குடியிருப்போர் சங்கத் தலைவர். தேர்தல் நடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. கூட்டத்துக்கு நாற்காலிகள் அவர் வீட்டிலிருந்து வந்தன. அவற்றில் கைப்பிடி வைத்ததில் அவரே உட்கார்ந்துவிட்டார்.

புதிய விதி எளிமையானது. சின்ன வீட்டுக்கு வரி கிடையாது, நடுத்தர வீட்டுக்குக் கொஞ்சம், மாளிகைக்கு நிறைய. வசூலாகிற பணத்தில் வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்குக் காப்பகம், தனியாக வாழும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு.

"ஏழைக்கு உதவுறதை நான் தடுப்பேனா?" என்று கூட்டத்தில் கேட்டார் தலைவர். "ஆனா அதை என் வீட்டு மாடியிலேர்ந்து ஏன் ஆரம்பிக்கிறாங்க? அளவெடுக்க வரும்போது நாம வீட்டைக் கொஞ்சம் அடக்கமா காட்டிக்கணும்."

அந்த மாடியில்தான் அவருடைய மகள் கைக்குழந்தையோடு இருந்தாள். கணவனுக்குக் கப்பலில் வேலை, அம்மாவுக்கு முட்டிவலி. ஆய்வகத்தில் அவளுக்குக் கொடுத்த பிரசவ விடுப்பு முடியப்போகிறது. காப்பகம் திறந்தால் வேலை, இல்லாவிட்டால் ராஜினாமா.

"அப்பா, நீங்க வரி கட்டினாத்தான் காப்பகம் திறப்பாங்க. நான் வேலைக்குப் போகணும்."

"மத்தவங்க கட்டுவாங்கம்மா. ஊர்ல பெரிய வீடா இல்லை?"

"நம்ம வீடுதான் இருக்கிறதிலேயே பெரிசுன்னு போன மாசம் சொன்னீங்களே?"

"அது போன மாசம்."

அளவெடுக்க மாநகராட்சி அம்மாள் வருவதற்கு முன்னால், மாடிப்படியை மறைத்து ஒரு பெரிய பீரோவை நிறுத்தினார் தலைவர். மேலே குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த மகளுக்கு இது தெரியாது.

"மாடி?" என்றார் அந்த அம்மாள்.

"பாதியிலேயே நின்னுபோச்சு. படியே கிடையாது."

"வாசல்ல இருக்கிற நீரூற்று?"

"குழாய் உடைஞ்சிருக்கு. ஆள் வரச்சொல்லியிருக்கேன்." உடைந்த குழாய், ஒரு பளிங்கு அன்னத்தின் வாய் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

அப்போது இல்லாத மாடியிலிருந்து வீல் என்று ஒரு சத்தம்.

"பூனை," என்றார் தலைவர்.

"அழாதடி என் செல்லம்" என்று ஒரு பெண்குரலும் கேட்டது.

"ரெண்டு பூனை," என்று திருத்திக்கொண்டார்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே இருப்பது தலைவரின் சகலை. அவர் வீடு உண்மையிலேயே கொஞ்சம் சின்னது. ஆனால் அளவு நாடாவைக் கண்டால் அவருக்கு அடக்கம் வராது. "நாய்க்கே தனி அறை, அதையும் சேர்த்துக்கங்க," என்று பின்னாலேயே ஓடி, தானாகவே மாளிகை வரிசையில் ஏறிவிட்டார்.

பிறகு வீடுதோறும் புதுக் கதவிலக்கப் பலகை வந்தது. எந்த நிறம் என்று பெயிண்டருக்கு யாரும் சொல்லவில்லை. அவரிடம் முன்னாள் மேயரின் சிலைக்கு அடித்ததில் மிஞ்சிய தங்க நிறம் கொஞ்சம் இருந்தது; சாக்கடை மூடிக்கு அடிக்கும் சாம்பல் நிறம் நிறைய இருந்தது. மாளிகைகள் குறைவு என்பதால் தங்கத்தை அவற்றுக்கு அடித்தார். மற்ற எல்லாருக்கும் சாம்பல். வரியில்லாத சந்தோஷத்தில் நாங்கள் நிறத்தைப் பார்க்கவில்லை.

தலைவர் பார்த்தார். வாசலில் இரண்டு கல் சிங்கங்கள், நடுவே சாக்கடை மூடி நிறத்தில் பலகை. எதிரே சகலையின் பலகை வெயிலில் தகதகத்தது.

மாலையில் சகலை மனைவியோடு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சகலை, கஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாம என்ன வேத்தாளா?" என்றார்.

அவர் மனைவி இன்னும் கனிவாக, "அக்கா, மதியச் சாப்பாடு தர்றாங்களாமே, பேர் குடுத்துட்டியா?" என்றாள்.

அவர்கள் போனதும் தலைவரின் மனைவி பேசினாள். "என் கூடப்பிறந்தவ என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுட்டா. இனிமே என்னங்க இருக்கு?"

"பீரோவை நகர்த்த ஒரு கை பிடிக்கவா, அப்பா?" என்றாள் மகள்.

மறுநாள் தலைவர் மாநகராட்சியில் மேசையைத் தட்டினார். "என் வீட்டைக் குறைச்சு மதிப்பிட்டிருக்கீங்க. இது அநியாயம்."

வரி அதிகம் என்று புகார் சொல்ல அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. குறைவு என்று சொல்ல ஜன்னலே இல்லை. அதே அம்மாள்தான் வந்தார்.

"மாடி இல்லைன்னீங்களே?"

"இருக்கு. பளிங்குப் படி."

"உடைஞ்ச குழாய்?"

"நீரூற்று."

"பூனை?"

தலைவர் அன்றுதான் முதல்முறையாகத் தரையைப் பார்த்தார். "பேத்தி. இன்னொண்ணு என் பொண்ணு."

வரி ஏறியது; ஆனால் பலகைக்குப் பெயிண்டர் கையை விரித்தார். "தங்கம் தீர்ந்துபோச்சு சார். மேயர் முதுகுக்கு அடிக்காம மிச்சம் பிடிச்சதே அவ்வளவுதான்." தலைவர் தன் காசிலேயே ஒரு டப்பா வாங்கி, இரண்டு பூச்சு அடிக்கவைத்தார். அதைப் பார்த்ததும், அவர் சொல்கேட்டு அடக்கமாயிருந்த சங்கத்துக்காரர்களின் வீடுகளில் காணாமல்போன மாடிகளும் அறைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வசூல் எதிர்பார்த்ததைத் தாண்டியது. சகலை நாய்க்கு வரவேற்பறை கட்டத் தொடங்கினார்.

விடுப்பு முடிவதற்குள் காப்பகம் திறந்தது. திறப்புவிழாவில் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். இந்த வரிக்காக ஆரம்பத்திலிருந்தே தனியாளாகப் போராடியதை விவரித்தார். மகள் குழந்தையை ஆயாவிடம் கொடுத்து, கன்னத்தில் ஒரு முத்தம் வைத்து, ஆய்வக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேருந்துக்கு ஓடினாள்.

"என் வீட்டை நான் என்னைக்குமே ஒளிச்சதில்லை," என்று தலைவர் குரலை உயர்த்தியபோது, உள்ளேயிருந்து வீல் என்று ஒரு சத்தம்.

"பூனை," என்றார் தலைவர், ஒலிபெருக்கியில்.