தாடைக்குள் ஒரு சந்து

என் தாடை எலும்பு கம்ப்யூட்டர் திரையில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சதையும் இல்லை, முகமும் இல்லை. கறுப்பு வானத்தில் ஒரு லாடம் மிதப்பதுபோல இருந்தது. டாக்டர் ஹெப்சிபா மவுஸை நகர்த்த நகர்த்த அது மெதுவாகத் திரும்பியது. பார்க்கப் பார்க்க எனக்குக் கண் செருகியது. இத்தனை வருஷம் என்னோடு உட்கார்ந்து சோறு தின்ற எலும்பு, இன்றைக்குத்தான் அறிமுகமாகிறது.

ராஜபாளையத்தில் இருக்கும் அந்தக் கிளினிக்குக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தோம், நானும் என் அக்கா சிவரஞ்சனியும். கீழ்த்தாடையில் வலது பக்க ஞானப்பல் வெளியே வராமல் எலும்புக்குள்ளேயே குறுக்கே படுத்துக் கிடக்கிறது. அதைச் சுற்றி ஒரு நீர்க்கட்டி. அப்படியே விட்டால் எலும்பு மெலிந்துபோய், ஒரு முறுக்கைக் கடித்தால்கூடத் தாடை முறியலாம் என்று டாக்டர் போன தடவையே சொல்லிவிட்டார். நான்தான் பயந்துகொண்டு இழுத்தடித்தேன்.

காரணம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது இதே பக்கம் ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். அது வேறொரு டாக்டர், வேறொரு ஊர். ஊசி போட்டும் மரத்துப் போகவில்லை. சொன்னேன். இன்னொன்று போட்டார். அப்போதும் வலிக்கிறது என்றேன். மூன்றாவதையும் போட்டுவிட்டு, "இதுக்கு யானையே மரத்துப் போயிருக்கும், நடிக்காதம்மா" என்று சொல்லிக்கொண்டே பிடுங்கினார். நான் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அக்கா இதை வீட்டில் அபிநயத்தோடு நடித்துக் காட்டினாள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் யானை ஊசி. முனீஸ்வரி என்பது ரேஷன் கார்டில் மட்டும்தான்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு எங்கே வலித்தாலும் யாரும் நம்பவில்லை. பிரசவ வலி வந்தபோது, "இவளுக்கு எல்லாமே பெருசுதான். செத்த நேரம் கழிச்சுப் போவலாம்" என்றாள் அக்கா. பையன் ஆட்டோவிலேயே பிறந்தான். அதைவிட மோசம், நானே என்னை நம்பாமல் போனது. குடல்வால் வீங்கி வயிறு கிழிகிற மாதிரி வலித்தபோது, நடிக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனேன். பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை. ஊரார் புண்ணுக்கெல்லாம் துணி மடிக்கிறவள், மடிக்கிற மேஜையிலேயே மயங்கி விழுந்தேன்.

அதனால் டாக்டர் ஹெப்சிபாவிடம் பழைய கதையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. போன தடவை அக்காதான் சிரித்துக்கொண்டே போட்டு உடைத்தாள். "மூணு ஊசி போட்டும் கத்துனவ டாக்டர் இவ." டாக்டர் சிரிக்கவில்லை. "மூணு போட்டுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்ப சாதா எக்ஸ்ரே பத்தாது. த்ரீ டி ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. பாத்துட்டுப் பிளான் பண்ணுவோம்."

அந்த ஸ்கேன்தான் இப்போது திரையில். டாக்டர் எலும்பைக் குறுக்கே சீவிச் சீவிக் காட்டினார். உள்ளே ஓர் இருண்ட குழாய் போனது. "நரம்பு இதுக்குள்ளதான் போகுது. பல்லுக்கும் கீழ் உதட்டுக்கும் உணர்ச்சி குடுக்கிறது இதுதான். பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு குழாய்தான் இருக்கும்." மவுஸ் நின்றது. "உங்களுக்கு வலது பக்கம் ரெண்டாப் பிரியுது, பாருங்க."

அதற்குச் சிவப்பு வண்ணம் ஏற்றினார். பெரிய தெருவிலிருந்து பிரிகிற சந்துபோல மெலிதாக ஒரு கோடு வளைந்து போய், படுத்திருக்கும் பல்லின் பக்கத்தில் மறைந்தது.

"இது நோய் இல்லக்கா" என்றார் என்னிடம். "சிலருக்கு இப்படி அமைஞ்சிரும். ஒரு வீட்டுக்குக் கரண்டு ரெண்டு லைன்ல வருதுன்னு வைங்க. வழக்கமான இடத்துல ஊசி போட்டா ஒரு லைன்தான் ஆஃப் ஆகும். அதே இடத்துல எத்தனை தடவை போட்டாலும் அந்த ஒரு லைன்தான். அன்னைக்கும் இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உங்களுக்கு நெசமாவே வலிச்சிருக்கும்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில். அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, பிரேம் போட்டு, அக்கா வீட்டு ஹாலில் மாட்ட வேண்டும். வருகிறவர் போகிறவரெல்லாம் என் எலும்பைக் கும்பிட்டுவிட்டுத்தான் காப்பி குடிக்க வேண்டும்.

"அப்ப ஏன் அந்த டாக்டரு இதைச் சொல்லல?" என்றாள் அக்கா, சண்டைக்குப் போகிற குரலில்.

"அவர்கிட்ட இருந்த எக்ஸ்ரேல தெரிஞ்சிருக்காது. ஆனா வலிக்குதுன்னு சொன்னப்ப நிறுத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா டிக்கெட் எடுக்கும்போதுகூடச் சைகைதான் காட்டினாள். மேற்கே மலையில் மேகம் பாதிவரைக்கும் இறங்கியிருந்தது. மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னவென்று கேட்டால் சண்டை வரும், அன்றைக்கு எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

அறுவை சிகிச்சை அன்று டாக்டர் தன் பிளானைச் சொன்னார். நரம்பு இரண்டாகப் பிரிவதற்கு முன்பே, வழக்கத்தைவிட மேலே ஓர் ஊசி. பல்லுக்குப் பின்னால் இன்னொன்று. சந்துக்குள் ரத்தக்குழாயும் ஓடுவதால், பல்லைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தப் பக்கம் போகாமல் எடுப்பார். "எப்ப வலிச்சாலும் இடது கையத் தூக்குங்க, நிறுத்திருவேன்" என்றார். உள்ளேயே இருக்கட்டுமா என்று அக்கா கேட்டாள். ஒரு மாஸ்க் கொடுத்து மூலையில் ஸ்டூல் போட்டார்கள்.

ஊசி போட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். கீழ் உதடு தடித்தது. பிறகு வேறு யாருடைய உதடாகவோ ஆனது. பிறகு காணாமலே போனது. நான் அந்தச் சந்துக்குள் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், தொட்டால் இளஞ்சூடு. சந்து முட்டும் இடத்தில் ரெட்டைச் சடையும் பள்ளிக்கூட யூனிஃபார்முமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வாயில் ரத்தம் ஊறிய பஞ்சு.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"இப்பத்தானட்டி ஆரம்பிக்காக."

"வலிக்குமே."

"வலிக்காது."

"யாரு சொன்னா?"

அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள், நானும் உட்கார்ந்தேன். எங்கேயோ தூரத்து ஊரில் ரைஸ் மில் ஓடுவதுபோலச் சத்தம் கேட்டது. அவள் என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். எவ்வளவு நாளாய்த் தூங்காமல் இருந்தாளோ பாவம், படுத்ததும் தூங்கிவிட்டாள்.

கண்ணைத் திறந்தேன். ரைஸ் மில் என் வாய்க்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. பல் துண்டாகிற அதிர்வு காதுவரைக்கும் ஏறியது. வலி இல்லை. எள்ளளவும் இல்லை. அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததே கிடையாது. ஆனாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் அந்த நாற்காலியை விட்டு இறங்க எனக்கு மனசில்லை. இடது கையைத் தூக்கினேன்.

மிஷின் அந்த நொடியே நின்றது. "வலிக்குதாக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

டாக்டர் எதையோ வைத்து மெல்லத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து திரையில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். "ரெண்டும் மரத்திருக்கணுமே..." என்று தனக்குள் முணுமுணுத்தார்.

மூலையில் ஸ்டூல் உருண்டு விழுந்தது. அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மாஸ்க் கன்னத்தில் ஈரமாக ஒட்டியிருந்தது.

"அவளுக்கு வலிக்குது டாக்டர்" என்றாள். "அவ பொய் சொல்ல மாட்டா."

வலி விஷயத்தில் என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பொய் அதுதான். டாக்டர் இன்னொரு ஊசியை எடுத்தார். நான் பேசாமல் போட்டுக்கொண்டேன்.