துணைக்கு வந்தவன்

மீனம்பாக்கத்தில் கவுண்டர்க்காரன் தெய்வநாயகியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கக்கத்தில் இருந்த ஊன்றுகட்டைகளைத்தான் பார்த்தான்.

"துணைக்கு யாரும்மா?"

"யாருமில்லீங்க. தனியாத்தான் போறேன்."

"கால் வராதவங்களைத் தனியா ஏத்த மாட்டோம். டிக்கெட் குடுத்தவன் சொல்லலையா?"

"அங்க காலைப் பத்தி யாரும் கேக்கலீங்க."

"நாங்க கேக்கறோம். தள்ளி நில்லு."

தள்ளி நின்றால் போச்சு. மரக்காணத்து உப்பளம் அப்பன் பேரில் இருந்த குத்தகை. அவர் செத்த பிறகு அது அக்காளுக்கா தம்பிக்கா என்று நாளைக் காலையில் டெல்லி ஆபீசில் விசாரணை. நேரில் வராதவருக்கு இல்லை. ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சு என்று தம்பி பஞ்சநாதன் சொன்னதை நம்பி இருந்துவிட்டாள். அவன் போடவே இல்லை என்பது ரயில் போன பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பஞ்சநாதன் இதே வரிசையில், புது வேட்டியில், மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதோ நிக்கிறான் பாருங்க, என் கூடப் பொறந்தவன். அவனும் டெல்லிதான்."

"ஏம்பா, உன் அக்காவா?"

"யாருன்னே தெரியாது சார். இந்த மாதிரி ஆளுங்க எங்க போனாலும் வந்து ஒட்டிக்குது."

தெய்வநாயகி கட்டையால் அவன் பையைக் காட்டினாள். "அவன் பையைத் திறங்க. என் பையையும் திறங்க."

சோதனைக்கு நின்ற போலீஸ்காரர் இரண்டையும் திறந்தார். இரண்டிலும் ஒரு சின்னத் துணிப்பை, உள்ளே விசாரணையில் காட்டக் கொண்டுவந்த உப்பு. அளத்து முத்திரை இல்லாத பையில் சாம்பிள் கொண்டுபோனால் திருட்டு உப்பு என்பார்கள். மரக்காணத்தான் எவனும் அப்படிக் கொண்டுபோக மாட்டான். பஞ்சநாதனுக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. இரண்டு பையிலும் நீல மையில் ஒரே நண்டு, கீழே 'அப்பாவு, மரக்காணம்'.

"அப்பாவு யாருய்யா?" என்றார் போலீஸ்காரர்.

பஞ்சநாதன் மறுபடி மேற்கூரையைப் பார்த்தான்.

"சொல்லேன்டா. அப்பன் பேரு கூடவா மறந்துபோச்சு?" என்றாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கவுண்டர்க்காரனுக்கு அவள்மேல் இரக்கம் ஒன்றும் வரவில்லை. தன்னிடம் பொய் சொன்னவன்மேல்தான் கோபம் வந்தது. "நீதான்யா துணை. இந்தம்மா ஏறினாத்தான் உனக்கும் சீட்டு. இல்லேன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

விமானத்தின் ஏணிப்படி வெயிலில் கிடந்தது.

"முதுகுல ஏறித் தொலை. எல்லாரும் பாக்கறாங்க" என்று பஞ்சநாதன் குனிந்தான்.

"பாதிப் படியில கையை விட்டுடுவே. தொடாதே."

கட்டைகளை அவன் கையில் திணித்துவிட்டு, திரும்பி, முதல் படியில் உட்கார்ந்தாள். மழைக்கு முன்னால் உப்பு அம்பாரத்துக்குக் கீற்று போட அவள் இப்படித்தான் ஏறுவாள்: உட்கார்ந்தபடி, உள்ளங்கையை ஊன்றி, பின்பக்கமாக. அம்பாரம் சரியும். படி சரியவில்லை, கையைத்தான் சுட்டது.

"தவழ்ந்து ஏறி மானத்தை வாங்கறியே."

"யாருன்னே தெரியாதவளால உன் மானம் எப்படிடா போவும்?"

பின்பக்கமாக ஏறுகிறவளுக்கு முகம் கீழே பார்த்து இருக்கும். ஒவ்வொரு படிக்கும் அவள் கண்ணில் பட்டது தம்பிதான். கட்டைகளைக் கக்கத்தில் இடுக்கி, அவள் நகர்ந்தால் நகர்ந்து, நின்றால் நின்று வந்தான். அவனுக்குப் பின்னால் சனம் முணுமுணுத்தது.

மேல்படியில் கையை நீட்டினாள். "குடுடா."

"அளத்தை விட்டுக்குடு. தர்றேன்."

அவள் கையை மடக்கிக்கொண்டாள். "நீயே வெச்சுக்க. டெல்லி ஆபீஸ் படியிலயும் இப்படித்தான் ஏறுவேன். கட்டையைத் தூக்கிக்கிட்டு பின்னாலயே வா. நீ யாருன்னு அங்கயும் கேப்பாங்க."

உட்கார்ந்தபடியே உள்ளே நகர்ந்தாள்.