அடித்தல் திருத்தல்

பதினொன்றாம் கேள்விக்கு வந்ததும் தங்கச்சி பேனாவை நிறுத்தினாள்.

"கடைசி ஒரு வருஷத்துல எத்தனை தடவை கீழ விழுந்தீங்க, தேதி, இடம், காயம்னு கேக்குறாங்க. ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் எங்கக்கா?"

சீட்டுகள் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அதன் மூடி என் விரல்களுக்கு மசியாது. அவளே திறந்தாள். பதினோரு சீட்டுகள். பதினோரு கையெழுத்தில் ஒரே காரணம்: கீழே விழுந்ததால்.

"பால்காரன்கூட இவ்வளவு கரெக்டா வரமாட்டான். மாசம் தவறாம விழுந்திருக்கே!"

சிரித்தேன். சிரித்தால் விலாவில் வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்தேன்.

எட்டு வருடமாக என் நரம்புகளின் மேலுறை தேய்ந்துகொண்டிருக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கால் என்னுடையதாக இல்லாமல் போய்விடும். பிறகு சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருந்தேன். ஈரமான படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து, சூடான உருளைக்குள் நுழைத்துவிடுவது வேலை. ஒரு நாள் கருகல் நாற்றம் வந்தது. விரிப்பு தீய்கிறது என்று எல்லோரும் குனிந்து தேடினோம். தீய்ந்துகொண்டிருந்தது என் கை. அது வலிக்கவில்லை என்பதுதான் என்னை நடுங்க வைத்தது. அன்றோடு வேலை போயிற்று.

போன வருடம் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, கேட்ட எல்லாவற்றுக்கும் "சமாளிச்சுக்குவேன்" என்று சொல்லிவைத்தேன். சமாளித்துக்கொள்ளட்டும் என்று அவர்களும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உனக்கு நரம்பு வியாதியெல்லாம் அப்புறம்தான். பரவாயில்லைன்னு சொல்ற வியாதிதான் முதல்ல" என்று தங்கச்சி அன்று கத்தினாள்.

இந்த முறை கிடைத்தே ஆகவேண்டும். கிடைத்தால் தரைத்தளத்தில் ஓர் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, தங்கச்சியிடம்கூட. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

அந்தப் பதினொன்றில் ஐந்துதான் நான் விழுந்தது. மற்ற ஆறும் என் கணவர்.

அவருக்கு டயர்க்கடை. லாரிச் சக்கரத்தின் திருகுகளை ஒரே உதறலில் கழற்றும் கைகள். குடிப்பழக்கம் கிடையாது. கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும். வீட்டில் சத்தமே இருக்காது. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடிப்பதைக் கேட்டபடி நான் அடி வாங்கியிருக்கிறேன். பிறகு அவரே ஆட்டோ பிடிப்பார். ஆஸ்பத்திரியில் யாராவது கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிடுவேன், விழுந்துட்டேன் என்று. என் நோய் எனக்குச் செய்த ஒரே உதவி அது. எல்லோரும் நம்பினார்கள்.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பராமரிப்பாளர் கையெழுத்திட வேண்டும். தங்கச்சி போன பிறகு அதை அவரிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தார்.

"குளிக்க வைப்பவர். உடை மாற்றிவிடுபவர்." குரல் தாழ்ந்தது. "நான் என்ன ஆயாவாடி?"

"சும்மா எழுத்துக்குத்தான். யாராவது ஒருத்தர் போடணுமாம்."

"என்னைக்காவது உன்னைக் குளிக்க வெச்சிருக்கேனா?"

"இல்ல."

"அப்ப பொய்க்கையெழுத்துப் போடச் சொல்றே."

என் இடது முழங்கையைப் பிடித்து, கையை பீரோவுக்குள் வைத்தார். துணி எடுக்கச் சொல்கிறார் என்றே ஒரு கணம் நினைத்தேன். பிறகு கதவை அறைந்தார். முதல் அறைக்கு இரும்புதான் அதிர்ந்தது. இரண்டாவதற்கு எலும்பின் சத்தம் கேட்டது. மரத்துப்போன கை என்பதால் வலி வந்து சேரச் சற்று நேரம் பிடித்தது. அதுவரைக்கும் இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுக்காகக் காத்திருந்தபோது, என் பையில் விண்ணப்பத்தோடு இருந்த விளக்கப் புத்தகத்தை அவர் பொழுதுபோகாமல் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, விரலை வைத்து, இரண்டு முறை படித்தார்.

"மாதம் ஒன்றுக்கு மேல் விழுந்தால் முழு மதிப்பெண்." என்னைப் பார்த்தார். "இதோட எத்தனை சீட்டு?"

"பன்னிரண்டு."

"ஒண்ணுக்கு மேலன்னு போட்டிருக்கு. பன்னிரண்டு பத்தாது." தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தியா? உனக்கு மார்க் வாங்கித் தர்றதே நான்தான். தெரியாமப் போச்சே இத்தனை நாளா!"

பக்கத்தில் இருந்தவரிடம் பேனா வாங்கி, அங்கேயே கையெழுத்துப் போட்டார். பணம் தன் பெயருக்கு வரும்படி ஒரு கட்டத்தில் குறியும் போட்டார்.

நேர்காணலுக்கு நான்கு நாள் இருக்கும்போது மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்தார். கையில் சக்கர ஸ்பானர். சாப்பிட்டு, கை கழுவி, துடைத்துக்கொண்டு வந்து என்னை நாற்காலியில் நேராக உட்காரச் சொன்னார். கோபமே இல்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மூஞ்சியில வேண்டாம். கால்தான் நம்புற மாதிரி இருக்கும். மூச்சைப் பிடிச்சுக்கோ. ஒரே நிமிஷம்."

ஊசி போடுகிறவர் சொல்வதுபோலச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே பார்த்து அடித்தார். சரியாகப் படவில்லை என்று இன்னொன்று.

பதின்மூன்றாவது சீட்டு கிடைத்தது.

*

நேர்காணலுக்கு உடன் ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். பராமரிப்பாளர் என்பதால் அவர் வந்தார். தங்கச்சி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். சிறிய அறை. மேசைமேல் கோப்புகள், மைப்பெட்டி, காகிதத்தில் துளையிடும் இரும்புக் கருவி. அதிகாரி ஐம்பதைத் தாண்டிய பெண்மணி; சளி பிடித்திருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே மூக்கைச் சிந்தினார்.

"மூணாம் மாசம் பதினாறாம் தேதி?"

"பாத்ரூம்ல வழுக்கிருச்சு மேடம்," என்றார் என் கணவர்.

"நாலாம் மாசம்?"

"அடுப்படியில. நான்தான் தூக்கிட்டு ஓடினேன்."

அவர் சொல்லச் சொல்ல எனக்கே அவை நடந்ததுபோல் இருந்தன. வழுக்கும் தரை, தடுக்கும் வாசல், ஓடிவந்து தூக்கும் ஒரு மனிதர். நல்ல வீடு அது. நான் அங்கே இருந்ததே இல்லை.

நடைப் பரிசோதனையின்போது உடன் வந்தவர் வெளியே போகவேண்டும். அவர் எழுந்தார். கதவருகில் திரும்பி, என் காலை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

கைத்தடியை ஊன்றி ஆறு அடி நடந்தேன். ஏழாவதில் கால் போய்விட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி குறித்துக்கொண்டார்.

"வருஷா வருஷம் வரணும், தெரியுமில்ல? அந்த வருஷத்துச் சீட்டெல்லாம் புதுசாக் கொண்டுவரணும். பழசு செல்லாது."

நான் உட்கார்ந்தேன். வெளியே தங்கச்சி யாரிடமோ மணி கேட்டாள். அதிகாரி பேனாவை மூடி, மறுபடி திறந்தார். நான் அடுத்த வருடத்தை எண்ணிப் பார்த்தேன். அதற்கு அடுத்ததை. பதின்மூன்று, பதின்மூன்று. சாப்பிட்டு, கை கழுவி, துடைத்துக்கொண்டு வரும் அந்த முகம். இதுவரை அவர் என்னை அடித்தார், என் நோய் என்னைத் தள்ளியது. இரண்டும் வேறு வேறாகத்தான் இருந்தன. இப்போது என் நோயையும் அவரே எடுத்துக்கொண்டுவிட்டார்.

"மேடம், பதினொன்றாம் கேள்வியில சிலதை அடிச்சிடணும்."

"அடித்தல் திருத்தல் கூடாதும்மா. முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

"அடிக்கவே முடியாதா?"

அவர் அலுத்துக்கொண்டார். "அடிச்சா ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல காரணம் எழுதி, நீங்க கைநாட்டு வைக்கணும். எதை அடிக்கணும்?"

"மூணாம் மாசம் பதினாறு."

கோடு கிழித்தார். "காரணம்?"

"கணவர் அடிச்சது."

பேனா நின்றது. அவர் மூக்கைச் சிந்தக்கூட இல்லை.

"இதை எழுதினா நான் போலீசுக்குச் சொல்லியாகணும். அது விதி."

"சொல்லுங்க."

"மார்க் குறையும்மா. விழுந்தது அஞ்சோ ஆறோன்னா..."

"அஞ்சு. கிடைக்குமா?"

"எனக்குத் தெரியாது. நான் எழுதித்தான் அனுப்புவேன். முடிவு மேலதான்."

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒரு கோடுதான். தரைத்தளத்து அறையின் சன்னல்கூட என் மனதில் இருந்தது. அதற்கு நீலத்தில் திரை வாங்க நினைத்திருந்தேன்.

"நாலாம் மாசம் ரெண்டாம் தேதி," என்றேன். "அடுப்படியில. கொதிக்கிற சட்டிமேல முகத்தை வெச்சு அழுத்தினார். ஆறாம் மாசம், காதுல. அதுல இருந்து இந்தப் பக்கம் கேக்காது. ஏழாம் மாசத்துல ரெண்டு இருக்கும், முதலாவது நான் விழுந்ததுதான், அதை விட்டுடுங்க. ரெண்டாவது, படியில இருந்து தள்ளினது."

அவர் எழுதினார். நான் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் கட்டைவிரலை வைத்தேன். விரலில் மை பட்டதே எனக்குத் தெரியவில்லை. ரேகை விழுந்ததை மட்டும் பார்த்தேன். எட்டுக் கோடுகள். கணவர் அடித்தது என்று எட்டு முறை.

எட்டாவதில் விரலை வைத்திருக்கும்போது கதவு திறந்தது.

"இன்னுமா மேடம் நடக்குறா?" என்று சிரித்துக்கொண்டே என் கணவர் வந்தார். காகிதத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கோடுகள் மட்டும்தான் அவர் கண்ணில் பட்டன. "இதையெல்லாம் எதுக்கு அடிச்சீங்க?"

மேசைக்கு அடியில் அதிகாரியின் கை எதையோ தேடுவது எனக்குத் தெரிந்தது.

"எதுக்கு அடிச்சீங்க?" என்று நான் என் கணவரிடம் கேட்டேன். இருபது வருடத்தில் முதல் முறையாக.

அவர் குனிந்து ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். குரல் தாழ்ந்தது. "ஓகோ," என்றார். அவ்வளவுதான். துளையிடும் கருவியை எடுத்து என் தாடையில் அடித்தார். நாற்காலியோடு சாய்ந்தேன். வாய்க்குள் ஏதோ தனியாக உருண்டது, பல். அடிபட்ட காலைத் தேடி, அதையே மிதித்தார். அதிகாரி அழுத்திய மணி விடாமல் அலறியது. அதிகாரி மேசையைச் சுற்றி ஓடிவந்து கோப்பால் அவர் முதுகில் அறைந்தார். பின்னால் பார்க்காமலே என் கணவர் கையை வீசினார், அதிகாரி அலமாரியில் மோதி உட்கார்ந்தார். கண்ணாடி உடைந்து நெற்றியில் ரத்தம்.

அப்போதுதான் தங்கச்சி உள்ளே வந்தாள். கீழே கிடந்த என் கைத்தடியை எடுத்தாள்.

"மாமா," என்றாள்.

அவர் திரும்பினார். அவள் முழங்காலில் அடித்தாள். விழுந்தவரை விடாமல் தோளிலும் முதுகிலும் கையிலும் அடித்தாள். தடி முறிந்தது, முறிந்த துண்டாலும் அடித்தாள். இரண்டு காவலாளிகள் வந்து, ஒருவர் அவளையும் ஒருவர் அவரையும் பிடித்தார்கள். "விடுங்கண்ணே, இன்னும் முடியல," என்று அவள் அந்தக் காவலாளியிடம் மரியாதையாகச் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

போலீஸ் வந்து அவரைக் கொண்டுபோனார்கள். தங்கச்சியை மறுநாள் வரச் சொன்னார்கள். முதலுதவிக்கு வந்த நர்ஸ் ஒருத்தி என் வாயில் பஞ்சை அடைத்தாள்.

"வேற தேதி போட்டுத் தர்றேன்," என்றார் அதிகாரி. நெற்றியில் பிளாஸ்திரி.

நான் தலையை ஆட்டி மறுத்தேன். இன்று எழுந்து போனால் திரும்பி வருவேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

தரையில் சிதறியிருந்த பக்கங்களைப் பொறுக்கி அடுக்கினார். இரண்டில் ரத்தம். தங்கச்சி எட்டிப் பார்த்தாள். ஓரத்தில் இருந்த எட்டு வரிகளையும் படித்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்த அன்று செய்த கேலி அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அதிகாரி அவசரப்படுத்தவில்லை.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு விழுந்ததையும் சேருங்க மேடம். உங்க கண்ணு முன்னாடிதானே விழுந்தா," என்றாள்.

"இது விழுந்தது இல்லையேம்மா," என்றார் அதிகாரி மெதுவாக.

கடைசிப் பக்கத்தில் பராமரிப்பாளர் பெயரை அடித்தார். நான் விரலை வைத்தேன்.

"இங்க யாராவது வேணும். ஒரே வீட்டுல இருக்கிறவங்களா இருக்கணும்."

"நான்தான். இன்னைல இருந்து என் வீட்டுலதான் இருப்பா."

"முகவரி?"

சொன்னாள். எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். "எத்தனாவது மாடி?"

"மூணு. லிஃப்ட் இல்ல."

அதிகாரி சில பக்கங்களைப் பின்னால் புரட்டி என்னைப் பார்த்தார். "படி ஏற முடியுமான்னு ஒரு கேள்வி இருக்கு. முடியும்னு சொன்னா அந்த மார்க்கும் போயிடும். முடியாதுன்னா, அங்க எப்படி இருப்பீங்கன்னு மேல கேப்பாங்க."

பஞ்சை வாயிலிருந்து எடுத்தேன். "முடியாது."

"அப்ப எப்படி?"

"நான் தூக்கிட்டுப் போவேன்," என்றாள் தங்கச்சி.

"அறுபது கிலோ இருக்கேன்டி."

"அறுபத்தஞ்சு மேடம், இவ சொல்றதை எழுதாதீங்க. ஒவ்வொரு மாடியிலயும் இறக்கி வெச்சு, மூச்சு வாங்கிட்டு, திரும்பத் தூக்குவேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா திரும்ப இறக்குவேன். அதையும் போடுங்க."

அதிகாரி எழுதினார். கட்டத்தில் இடம் போதாமல் காகிதத்தைத் திருப்பி ஓரத்திலும் எழுதினார். அவர் எழுதி முடிப்பதற்குள் தங்கச்சி என் நாற்காலிக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்திவிட்டாள்.

"ஏறு. இங்கயே ஒரு தடவை பாத்துடலாம்."

மாவுக்கட்டுப் போட்ட கையை அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டேன். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள்; முடியவில்லை. தரையில் கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடியும் எழுந்தாள்.