தலையாட்டும்வரை டிக்ளேர் இல்லை

சாப்பாட்டு இடைவேளையிலேயே எங்கள் கேப்டன் தங்கையன், மட்டை பிடித்தது போதுமென்று டிக்ளேர் செய்திருக்க வேண்டும். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். இரண்டு நாள் கிரிக்கெட் ஆட்டத்தின் இரண்டாம் நாள், சனிக்கிழமை. எங்கள் திருத்துறைப்பூண்டி அணி முந்நூறைத் தாண்டியிருந்தது. கும்பகோணத்தாரைப் பொழுது சாய்வதற்குள் சுருட்டினால் கோப்பை எங்களுக்கு. டிராவானால் போன வருஷம் ஜெயித்த அவர்களிடமே இருக்கும். பந்து போடப்போகிறவன் நான். எனக்கு வேண்டியது நேரம் ஒன்றுதான்.

ஆனால் வைத்தியலிங்கம் நூற்றெழுபதில் நின்றான். எங்கள் பக்கத்து மைதானங்களில் யாரும் இருநூற்று மூன்றைத் தாண்டியதில்லை. தாண்ட அவனுக்கு ஆசை. அவனைவிட அவன் அப்பா பஞ்சநதத்துக்கு ஆசை. பெரிய மிராசுதார். பந்து, ஆடுகளத்தில் விரிக்கிற பாய், மத்தியானச் சோறு எல்லாம் அவர் உபயம்.

தங்கையனின் அப்பா ரெங்கசாமி, பஞ்சநதத்திடம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்தார். அது ஊருக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் களத்திலேயே குத்தகை நெல்லை அளந்து கொடுத்துவிட்டு ரசீது கேட்டால், ஐயாவை நம்பாதவன் என்று பேராகிவிடும். ரெங்கசாமி ஒரு போகத்துக்கும் கேட்டதில்லை. இப்போது குத்தகைதாரர் பெயரைப் பதிய அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டது. கூலிக்கு உழைக்கிற பண்ணை ஆளுக்கு அதில் இடமில்லை. திங்கட்கிழமை விசாரணை. பஞ்சநதம் ஆமாம் என்றால் நிலம் தங்கும். இல்லையென்றால் அறுவடை முடிந்த கையோடு வெளியேற்றிவிடுவார். சுற்று வட்டாரத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

சாப்பிடும்போது பஞ்சநதம் எங்கள் பந்திக்கு வந்தார்.

"தங்கையா, தம்பி அடிக்கட்டும். நான் தலையாட்டுறப்ப முடிச்சுக்க."

"நேரம் பத்தாதுங்க ஐயா."

"திங்கக்கிழமை எனக்கும்தான் ஆயிரம் வேலை. ஒங்க அப்பாவுக்காக வந்து ரெண்டு வார்த்தை சொல்லணும்னு நெனச்சிருக்கேன்."

தங்கையன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். தின்னவில்லை.

அதற்குப் பிறகு வைத்தியலிங்கம் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எருமை குளத்தைவிட்டு ஏறுகிற மாதிரி ஒவ்வொரு ரன்னாக நகர்ந்தான். தங்கையன் எல்லைக்கோட்டில் நின்று, பஞ்சநதம் உட்கார்ந்திருந்த பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தான். இருநூற்று நாலு வந்தது. கைதட்டலெல்லாம் ஓய்ந்த பிறகு, பஞ்சநதம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து தலையாட்டினார். தங்கையன் கையை உயர்த்தினான். டிக்ளேர்.

தோள் கழன்று போகிற அளவுக்குப் பந்து போட்டேன். ஒன்பது விக்கெட் விழுந்தது. கடைசி ஜோடி மட்டையை நட்டுவைத்துவிட்டு நின்றது. இருட்டுகிறதென்று அம்பயர் ஸ்டம்பைப் பிடுங்கினார். கோப்பை கும்பகோணம் பஸ்ஸில் ஏறிப் போயிற்று.

நான் தங்கையன் சட்டையைப் பிடித்தேன்.

"கோப்பைய வித்துட்டியேடா."

"வித்துட்டேன்தான். ஆறு மா, ராசு. சைக்கிள் கடை வச்சிருக்கிறவன், ஒனக்கு அது புரியாது."

சட்டையை விட்டேன். கோபத்தை விடவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவன் பக்கம் சாட்சி சொல்லப் போனேன். ரெங்கசாமி தன் ஏர், தன் மாடு, தன் விதையோடு பயிர் வைத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

பஞ்சநதம் சொன்னபடி வந்தார். இரண்டு வார்த்தைக்கு மேலேயே பேசினார்.

"குத்தகையாவது ஒண்ணாவது. ரெங்கசாமி என் பண்ணை ஆளுங்க. மவனும் அப்படித்தான். முந்தாநாள் மைதானத்துல ஊரே பாத்துச்சு. பேருக்குத்தான் கேப்டன். நான் தலையாட்டுற வரைக்கும் ஆட்டத்த முடிக்காம என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னான். குத்தகைக்காரன் மவன் அப்படி நிப்பானா? பண்ணை ஆளுதான் நிப்பான்."

ரெங்கசாமி மகனைத் திரும்பிப் பார்த்தார். தங்கையன் நிமிரவில்லை.

விசாரித்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க அந்த ஆட்டத்துல இருந்தீங்களா?"

"இருந்தேங்க. ஆனா நான் சொல்ல வந்தது..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இவர் தலையாட்டுற வரைக்கும் அவர் நின்னாரா?"

அதற்காகத்தான் நானே அவன் சட்டையைப் பிடித்திருந்தேன்.

"நின்னாருங்க" என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள். ஏரையும் மாட்டையும் பற்றி யாரும் கேட்கவில்லை.